பங்குக் குதிரையா, லோன் குதிரையா: இரண்டையும் எடுத்துப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் சொந்தமாகக் குதிரை வாங்காமல், பயிற்சிப் பள்ளியின் மணிக்கணக்குச் சவாரியோடும் நின்றுவிடாமல், ஒரே குதிரையோடு பழகி ஓட்ட விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. உரிமையாளர் தமக்கு நேரமில்லாத நாட்களை ஒரு தொகைக்கு நம்மிடம் விடுவதை இங்கே ‘ஷேர்’ என்கிறார்கள். குதிரையை முழுமையாக நம் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு உரிமையை மட்டும் தம் பெயரில் வைத்துக்கொள்வதை ‘லோன்’ என்கிறார்கள். லோனுக்குப் பெரும்பாலும் தனி வாடகை கிடையாது. தீனி முதல் லாடம் வரை எல்லாச் செலவும் எடுத்தவருடையது. அதற்குமேல் ஆண்டுத் தொகையும் கேட்டால் அது ‘லீஸ்’. அமெரிக்காவில் இவற்றையே பாதி லீஸ், முழு லீஸ் என்று பிரிக்கிறார்கள். அங்கே போட்டிக் குதிரைகளுக்கு ஆண்டு லீஸ் தொகையாகக் குதிரை விலையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கேட்பது சாதாரணம். நானும் பதின்மூன்று வயது மகளும் பதினான்கு மாதம் ஒரு குதிரையைப் பங்குக்கு எடுத்திருந்தோம். அதை விட்டுவிட்டு ஏழு மாதம் வேறொரு குதிரையை லோனில் வைத்திருந்தோம். இரண்டைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பாகுபாடு எனக்குப் புதிதாக இருக்கவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் வாரத்துக்கு விடுவதும் வெவ்வேறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குத்தகைக்காரர் மழை பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரத்தில் விளைந்ததைத்தான் பங்கிடுவார்கள், ஆகையால் நஷ்டத்திலும் நிலத்துக்காரருக்குப் பங்குண்டு. ஆட்டையும் மாட்டையும்கூட வாரத்துக்கு வளர்க்கக் கொடுப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் லோன் என்பது குத்தகை, ஷேர் என்பது வாரம். எது மலிவு என்பதைவிட, குதிரை நொண்டினால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன்.

முதலில் பங்குக் குதிரை. பதினாறு வயது, பதினான்கு கைப்பிடி உயரம், வெல்ஷ் கலப்பு, பெயர் பார்லி. (ஒரு கைப்பிடி நான்கு அங்குலம், தரையிலிருந்து தோள்பட்டை மேடு வரைக்கும்தான் அளப்பார்கள், தலையைச் சேர்ப்பதில்லை.) புதனும் ஞாயிறும் எங்கள் நாட்கள், கிழமை ஒன்றுக்கு, அதாவது ஏழு நாளுக்கு, நாற்பது பவுண்டு. அந்த இரண்டு நாட்களில் லாயத்தைச் சுத்தம் செய்வது, தண்ணீர் மாற்றுவது, உலர்புல்லை வலைப்பையில் அடைத்துத் தொங்கவிடுவது, மேய்ச்சல் தரையில் லத்தி அள்ளுவது ஆகியவை எங்கள் வேலை. லாடம், மருத்துவர், காப்பீடு, லாய வாடகை எல்லாம் உரிமையாளருடையவை. அதற்கு முன் பயிற்சிப் பள்ளியில் ஆறு பேரோடு சேர்ந்து ஒரு மணி நேரம் மணல் திடலைச் சுற்றிவரவே முப்பத்தெட்டு பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த விலைக்கு இது ஏறத்தாழ இலவசம் போலத்தான் தோன்றியது.

மகளுக்கு இதில் கிடைத்த முதல் பாடம் சவாரியே அல்ல. பள்ளியில் குதிரையைச் சேணம் கட்டி நிறுத்தி வைத்திருப்பார்கள், ஏறி உட்கார்ந்தால் போதும். இங்கே நவம்பர் மாதச் சேற்றில் பூட்ஸ் புதைய நடந்து, வேலியின் கடைக்கோடியில் நின்று நம்மைப் பார்த்தும் பாராததுபோல் மேய்கிற குதிரையைப் பிடித்துவர வேண்டும். பார்லிக்கு ஒரு பழக்கம்: தலைக்கயிற்றோடு போனால் பத்தடி தள்ளிப் போகும், கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு புல்வெளியில் குந்தி உட்கார்ந்தால் என்ன ஏதென்று பார்க்கத் தானாகவே வந்து தோளில் மூக்கை வைக்கும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து புதன்கிழமைகள் ஆயின. நான்கு குளம்புகளையும் தூக்கிக் கொக்கியால் மண் எடுப்பது, சேணப் பட்டைக்கு அடியில் முடி சுருண்டிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது, ஓட்டி முடித்தபின் நெஞ்சில் வியர்வை காயும்வரை நடத்துவது ஆகியவையெல்லாம் பங்குக்கு எடுத்தபின் தெரிந்துகொண்டவை. சவாரி கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அடுத்த படி கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. குதிரை நம்முடையது அல்ல என்பதை அது மறந்தாலும் உரிமையாளர் மறப்பதில்லை. அவர் ஓட்டும் முறைதான் சட்டம். அவருடைய கடிவாளம், அவருடைய சேணம். சேணம் குதிரையின் முதுகுக்கென்று பொருத்தப்படுவதால் ஓட்டுகிறவரின் வசதிக்கு அதை மாற்ற வழியில்லை. தாண்டல் பயிற்சி வேண்டும் என்று மகள் கேட்டபோது, பதினாறு வயதுக் குதிரையின் மூட்டுகளை எண்ணி அவர் மறுத்துவிட்டார். அது நியாயம்தான், ஆனால் பணம் கொடுத்த கையோடு அந்த நியாயத்தை ஏற்கச் சற்று மனப்பக்குவம் வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஓட்டிய இன்னொரு பங்காளி வாயை இழுத்து இழுத்து ஓட்டியதால், ஞாயிறன்று எங்களிடம் வரும் குதிரை தலையை உயர்த்திக்கொண்டே நடக்கும். பங்கு எடுக்குமுன் மற்றப் பங்காளிகள் யார், எத்தனை பேர், எப்படி ஓட்டுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்பதை அதன்பின் கற்றேன்.

ஒருமுறை குளம்பில் சீழ் கட்டிப் பார்லி மூன்று கிழமைகள் நொண்டியது. ஒப்பந்தத்தில், ஓட்ட முடியாத நாட்களுக்குப் பாதித் தொகை என்று எழுதியிருந்தோம். அறுபது பவுண்டு கொடுத்தோம், போய்க் குளம்புக்கு மருந்துக் கட்டு மாற்றக் கற்றுக்கொண்டோம், மருத்துவரின் கட்டணச் சீட்டு எங்கள் கண்ணில்கூடப் படவில்லை. வார முறையின் அருமை அப்போது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்; புரியவில்லை.

மகள் வளர்ந்தாள், கிழமைக்கு இரண்டு நாள் போதவில்லை, போட்டிக்குப் போக வேண்டும் என்றாள். வாங்குவது என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, ஆகையால் லோன். விளம்பரம் பார்த்துத் தேடியபோது, நல்ல லோன் குதிரை கிடைப்பது ஏறக்குறைய குதிரைக்கொம்புதான் என்று தெரிந்தது. இளமையும் நலமும் உள்ள குதிரையை விற்றுவிடுவார்கள். லோனுக்கு வருபவற்றில் கணிசமானவை வயதானவை, பழைய காயம் உள்ளவை, அல்லது வேறு யாராலும் அடக்க முடியாதவை. அயர்லாந்தின் கன்னிமாரா மட்டக்குதிரை இனத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பெண் குதிரை ஒன்று, ஹேசல் என்று பெயர், எங்களுக்குக் கிடைத்தது. உரிமையாளரின் மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள் என்பது காரணம், அதுவும் உண்மைதான்.

பார்க்கப் போனபோது நாங்கள் சரியாகச் செய்தவையும் சில உண்டு. சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போனோம். முன்கூட்டியே ஓட்டிக் களைப்படையச் செய்து சாதுவாகக் காட்டுகிறார்களா என்று பார்க்க அதுதான் வழி. மேய்ச்சலிலிருந்து பிடிப்பதையும் வண்டியில் ஏற்றுவதையும் நேரில் செய்யச் சொன்னோம். முதலில் உரிமையாளரை ஓட்டச் சொன்னோம், பிறகு பயிற்சியாளரை, கடைசியில் மகளை. சாலையில் கொண்டுபோய் லாரி கடக்கும்போது என்ன செய்கிறது என்றும் பார்த்தோம். 2022 முதல் நெடுஞ்சாலை விதிநூல் குதிரையைக் கடக்கும் வண்டிகள் மணிக்குப் பத்து மைலுக்குமேல் போகாமல் இரண்டு மீட்டராவது தள்ளிப் போகச் சொல்கிறது. எல்லா ஓட்டுநரும் அதைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை. ஹேசல் அசையவே இல்லை. குதிரையின் அடையாள ஆவணமான கடவுச்சீட்டை வாங்கி, அதில் உள்ள, தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லின் எண்ணையும் சளிக்காய்ச்சல், வில்வாதத் தடுப்பூசித் தேதிகளையும் சரிபார்த்தோம். இங்கே எல்லாக் குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் நுண்சில்லும் கட்டாயம். லோனில் எடுத்தால் அந்தக் கடவுச்சீட்டு குதிரையோடு நம் கைக்கு வந்துவிட வேண்டும்.

செய்யத் தவறியது இரண்டு. குதிரை மருத்துவரைக் கொண்டு சோதிக்கவில்லை. வாங்கவா போகிறோம் என்று நினைத்தோம். பழைய மருத்துவக் குறிப்புகளை உரிமையாளரின் அனுமதியோடு அவருடைய மருத்துவரிடமே கேட்டு வாங்கியிருக்கலாம், அதையும் கேட்கவில்லை.

மாதக் கணக்கு இப்படி வந்தது: வேலைகளை நாமே செய்துகொள்ளும் வகை லாயத்துக்கு 195 பவுண்டு, உலர்புல்லும் படுக்கைத் தூளும் 110, ஆறு கிழமைக்கு ஒருமுறை லாடம் அடிக்கும் 95 பவுண்டைப் பிரித்தால் 69, காப்பீடு 48, தடுப்பூசி, பல் ராவுதல், குடற்புழு முட்டைச் சோதனை ஆகியவற்றுக்குச் சராசரி 20. மொத்தம் 442. பங்குக்கு மாதம் 173தான் ஆயிற்று. லாடத்தில் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. பதிவுபெற்ற லாடக்காரர் அல்லாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணத்தைவிடக் கனமானது நேரம். கிறிஸ்துமஸ் காலையிலும் ஆறு மணிக்கு லத்தி அள்ள வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான் அள்ள வேண்டும். எனக்கும் காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு அள்ள வேண்டும்.

ஆனாலும் முதல் ஐந்து மாதங்கள் நன்றாகவே இருந்தன. மகள் தினமும் ஓட்டினாள், இரண்டு உள்ளூர்ப் போட்டிகளுக்குப் போனாள். ஏப்ரலில் ஒரு காலை ஹேசல் லாய வாசலுக்கு வரவில்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, குதிகாலில் சாய்ந்ததுபோல் நின்றது. குளம்பில் உள்ளங்கையை வைத்தால் அடுப்பில் வைத்துவிட்டு இறக்கிய மண்சட்டிபோல் சுட்டது. கணுவின் பின்பக்கம் விரலை வைத்தபோது, மற்ற நாட்களில் தேடித் துழாவ வேண்டிய நாடி, தானே விரலைத் தூக்கித் தூக்கி அடித்தது. பக்கத்து லாயத்து அம்மா ஒரே பார்வையில் ‘லாமினைட்டிஸ்’ என்றார்.

குளம்பின் கடினமான வெளியோட்டையும் அதற்குள் இருக்கும் எலும்பையும் பிணைத்து வைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கி வலுவிழப்பதுதான் இந்த நோய். முற்றினால் எலும்பு ஓட்டிலிருந்து பிரிந்து சுழன்று கீழே இறங்கும். வசந்தகாலப் புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும். இரவில் உறைபனியும் பகலில் வெயிலுமாக இருந்தால் இன்னும் ஏறும். கல்லையும் புல்லையும் தின்று பிழைத்த மலைநாட்டு மட்டக்குதிரை இனங்களுக்கு இந்தச் செழிப்பு ஒத்துக்கொள்வதில்லை. வலிமருந்து, எக்ஸ்ரே, குளம்புக்கு அடியில் மெத்தை, முழங்கால் ஆழத்துக்குப் படுக்கைத் தூள், லாயத்தைவிட்டு வெளியே விடக்கூடாது என்று மருத்துவர் வரிசையாகச் சொன்னார். உலர்புல்லையும் சர்க்கரை கரையும்படி மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஊறிய வலைப்பையைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது பழுப்புத் தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கை வரை வழியும். பதினோரு கிழமைகள், நாளுக்கு மூன்று பை.

இரத்தச் சோதனையில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு இருப்பது தெரிந்தது. வயதான குதிரைகளுக்கு வருவது, லாமினைட்டிஸுக்கும் வழிவிடுவது. பெர்கோலைடு மாத்திரை ஆயுள் முழுவதும் தினமும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் தொலைபேசியில் உரிமையாளர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் ‘லேசாக ஒருமுறை’ குளம்பு சுட்டதாகச் சொன்னார். முன்பே இருந்த நோய் என்று காப்பீட்டு நிறுவனம் கை விரித்துவிட்டது. ஒப்பந்தத்தில் ‘மருத்துவச் செலவு எடுத்தவருடையது’ என்று ஒற்றை வரிதான் இருந்தது. முன்பே இருந்த நோய்க்கு யார் பொறுப்பு என்று இல்லை, குதிரையைத் திருப்பித் தர எத்தனை நாள் முன்னறிவிப்பு என்றும் இல்லை. ஓட்ட முடியாத குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்கு இடமில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரைமேல் குற்றமே இல்லை. 1,900 பவுண்டு எங்கள் கையிலிருந்து போயிற்று. பதினோராவது கிழமை ஹேசல் நடக்கத் தொடங்கியபின், சண்டையில்லாமல், ஆனால் சுமுகமும் இல்லாமல், வண்டியேற்றி அனுப்பினோம்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். அவர் மறந்திருக்கலாம், நான் எழுத்தில் கேட்டிருந்தால் மறந்திருக்கமாட்டார். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி லோனுக்கான மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பார்த்திருந்தாலே நாங்கள் எழுதிய ஒற்றைத் தாள் எவ்வளவு ஓட்டை என்று தெரிந்திருக்கும். லோன் கொடுப்பவர்களுக்கும் அது அவசியம். கொடுத்த குதிரையை எடுத்தவர் விற்றுவிட்டுக் காணாமல்போன கதைகள் இந்த நாட்டில் ஏராளம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று மூன்றாம் தரப்புப் பொறுப்பு, அதாவது குதிரையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் உரிமையாளர் மட்டுமல்ல, விலங்கைக் கைவசம் வைத்திருப்பவரும் ‘காப்பாளர்’ ஆகிறார். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை வைத்திருந்தால் அந்த வீட்டின் தலைவரே காப்பாளர். டெவனில் இரவில் எதற்கோ மிரண்டு வேலியை உடைத்து ஓடிய குதிரைகள் ஏ380 சாலையில் காரில் மோதிய வழக்கில், வேலி அமைத்ததில் கவனக்குறைவு இல்லை என்று தெரிந்தும் குதிரைக்காரர்களே பொறுப்பு என்று 2003இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. லோன் குதிரை நம் கைவசம் இருப்பதில் சந்தேகமே இல்லை. பங்குக் குதிரைகூட நம் நாளில் நம் கையில் இருக்கும்போது கேள்விக்கு இடமுண்டு. உரிமையாளரின் காப்பீடு நம்மையும் சேர்க்கிறதா என்று தாளைப் பார்க்க வேண்டும். இல்லையேல் மேற்சொன்ன பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினராகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு அதிலேயே வருகிறது. நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கிறோம்.

பயிற்சிப் பள்ளி நடத்தக் கவுன்சிலின் உரிமமும் விலங்கு மருத்துவரின் பார்வையிடலும் தேவை. தனியார் ஷேருக்கும் லோனுக்கும் அப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை, ஆகையால் ஒப்பந்தத் தாள் ஒன்றுதான் காவல். தினமும் லாயத்துக்குப் போகக்கூடியவர், குதிரை ஓராண்டு ஓடாமல் நின்றாலும் தாங்கும் பணம் உள்ளவர், பல ஆண்டுகள் ஓட்டியவர் லோன் எடுக்கலாம். இந்த மூன்றும் உள்ளவர் வாங்கியே விடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது, குதிரையின் முதுமையை இன்னொருவர் ஏற்பார் என்ற ஒன்றைத் தவிர. வேலைக்குப் போகிற குடும்பத்துக்குப் பங்கே சரி. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பங்குக்கு நான்கு, லோனுக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் ஹேசலுக்காக.

செப்டம்பர் முதல் மறுபடியும் பார்லியிடமே போகிறோம். அதற்கு இப்போது பதினெட்டு வயது. தாண்டல் அறவே இல்லை, மகளும் கேட்பதில்லை. கிழமைக்கு நாற்பத்தைந்து பவுண்டு ஆகிவிட்டது, நாட்கள் பழையபடி புதனும் ஞாயிறும். இந்த முறை ஒப்பந்தம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், குதிரைக்கு இதுவரை வந்த நோய்களைத் தேதியோடு உரிமையாளர் தம் கையால் எழுதியிருக்கிறார்: குளம்புச் சீழ் ஒருமுறை, லேசான வயிற்றுவலி இருமுறை, வலது கண்ணில் ஒரு பழைய தழும்பு. அந்தத் தழும்பைப் பதினான்கு மாதம் ஓட்டியும் நாங்கள் பார்த்திருக்கவில்லை.